வலிக்கு ஊசி கேட்கும் மக்களுக்காக: வட ஆற்காட்டுப் பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கிளினிக் நடத்தும் சக பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் இருபத்தாறு வருஷமாக கிளினிக் வைத்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி வேலை பார்த்து, அப்புறம் ஊரிலேயே உட்கார்ந்துவிட்டவள். உங்களில் பலரைச் சங்கக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். சிலருக்கு என் நோயாளிகளை அனுப்பியிருக்கிறேன். உங்கள் சீட்டோடு எனக்கு வந்தவர்களும் உண்டு. கடந்த எட்டு வருஷமாக, செவ்வாய், வெள்ளி பிற்பகல்களில், நாள்பட்ட வலியோடு வருகிறவர்களில் சிலருக்கு, மருந்தில்லாத மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தும் அக்குபங்சர் செய்கிறேன். யாரிடமும் இதை ஒளித்ததில்லை. ஆனால் உங்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னதும் இல்லை. அது தப்பு என்று போன மாதம் புரிந்தது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்பது வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பீடி சுற்றும் ஒரு அம்மா. ஐம்பத்து நாலு வயது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின். கழுத்திலிருந்து வலது தோள் வரை தீராத வலி. "தோளு புடிச்சிகினே கீது டாக்டரம்மா, முறத்த மடியில வெச்சா பத்து நிமிசம் தாங்கல" என்பார். நான் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை தீர்ந்ததும் என்னிடம் வராமல், மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட்டு" வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். டைக்ளோஃபெனாக் ஒன்று, வெள்ளையாகச் சின்ன ஸ்டீராய்டு ஒன்று, அசிடிட்டிக்கு ஒன்று. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியது. நான் திட்டினேன். வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்று சொல்லி, பாராசிட்டமால் எழுதி, "ரொம்ப நேரம் தலையைக் குனிஞ்சு உட்காராதீங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ஆயிரம் பீடி எண்ணி முடித்தால்தான் அன்றைய கூலி. இலையை வெட்டி, தூளை அடைத்து, மடித்து, நூல் கட்டும் வேலையைத் தலை குனியாமல் யாரால் செய்ய முடியும்? அந்த யோசனையைச் சொன்ன என் வாயை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அவர் வேறொரு இடத்துக்குப் போனார். யார், எங்கே என்பது இங்கே தேவையில்லை. நம் ஒவ்வொருவர் ஊரிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவரை உட்காரவைத்து, கையைப் பிடித்து, அரை மணி நேரம் பேசி, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டிருக்கிறார்கள். வலி கொஞ்சம் விட்டிருக்கிறது. அதோடு விட்டிருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். "மருந்துதாம்மா உனக்கு நோயே, எல்லாத்தையும் நிறுத்து" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலி விட்டதே, அப்படியானால் மற்றதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பி, இன்சுலினை நிறுத்திவிட்டார். காலில் ஒரு சின்னப் புண் இருந்தது. மூன்றாவது வாரம் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். மூச்சு ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தது. வாயருகே குனிந்தால் அழுகிய பழ வாசனை. ஊசி மருந்து ஏற்றிக்கொண்டே வேலூருக்கு அனுப்பினேன். பிழைத்தார். இரண்டு கால்விரல்கள் போயின.

போன மாதம் வேறோர் ஊர், வேறோர் பெண். கதை மட்டும் அதேதான். இந்த முறை அவர் என் நோயாளி இல்லை, உங்களில் ஒருவருடைய நோயாளி. உங்கள் சீட்டு அவர் பையில் இருந்தது. நான் எழுதியிருக்கக்கூடிய அதே மாத்திரைகள், அதே அறிவுரை. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. வலிக்கு நம் கையில் கொடுக்க எதுவும் மிச்சமில்லை என்ற இடத்துக்கு நாம் வந்ததும் நோயாளி எழுந்து போய்விடுகிறார். போகிற இடத்தில் வலிக்குத் தீர்வோடு சேர்த்து இன்சுலினை நிறுத்தும் யோசனையும் கிடைக்கிறது. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அக்குபங்சர் ஊசியை நாமே கற்றுக்கொள்வோம். சில வலிகளுக்கு மட்டும், சுத்தமாக, பொய் சொல்லாமல், மற்ற மருந்துகளைத் தொடரவைத்தே அதைச் செய்வோம்.

நம் பகுதியின் வலி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்காரும் பெண்களின் இடுப்பு. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொட்டியிலிருந்து ஈரத்தோலைத் தூக்கிப் போடுகிறவர்களின் முதுகு. குடியாத்தத்தில் தறிக்குழியில் கால் மிதித்த முட்டி. பீடி, தீப்பெட்டி வேலைக் கழுத்து. இவர்களில் பாதிப் பேருக்கு நாற்பது தாண்டியதும் சர்க்கரையோ பிரஷரோ சேர்ந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அது பெரிய காரியம். ஆனால் அதே வீட்டில், அந்த மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே "செட்டு" மாத்திரையும் இருக்கிறது. ஒரு கையால் சிறுநீரகத்தைக் காப்பாற்றி மறு கையால் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மக்களுக்கு ஊசி என்றால் ஒரு நம்பிக்கை. "மாத்திர வேணாம்மா, ஒரு ஊசி போட்டு உட்டுருங்க, காலைல வேலைக்குப் போவணும்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு சாயங்காலம் நமக்குக் கழிந்ததில்லை. ஊசி போடாத டாக்டர் இங்கே தொழில் நடத்துவது கஷ்டம் என்று சீனியர்கள் எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையை மருந்தில்லாத ஊசியால் நல்லதுக்குப் பயன்படுத்த முடியும் என்று எனக்குத் தோன்றியது பிறகுதான்.

தோன்ற வைத்தவர் ஒரு வங்காளி. வேலூருக்கு வைத்தியத்துக்காக வங்காளம், ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்து, காந்தி ரோடு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படி வந்த ஒரு பெரியவர், தெரிந்தவர் வீட்டுக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது காய்ச்சலுக்கு என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில், தன் முட்டி வலிக்கு ஊரில் அரசு அக்குபங்சர் கிளினிக்கில் ஊசி குத்திக்கொள்வதாகச் சாதாரணமாகச் சொன்னார். அரசு கிளினிக்கா என்று கேட்டேன். அவருக்கு என் ஆச்சரியம்தான் ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பின்னால் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. 1938-ல் ஜப்பானியப் படையெடுப்பில் தவித்த சீனாவுக்குக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அதில் கோட்னிஸ் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர் 1942-ல் அங்கேயே இறந்துவிட்டார். கூடப் போன இன்னொருவர் கொல்கத்தா டாக்டர் பிஜய் குமார் பாசு. திரும்பி வந்தவர் 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959-ல் கொல்கத்தாவில் அதைச் செய்யத் தொடங்கினார். அவரும் நம்மைப் போல அலோபதி படித்தவர்தான். மேற்கு வங்கம் 1996-ல் இதற்கென்று சட்டமே போட்டது. மத்திய அரசு 2003 நவம்பரில் இதைச் சிகிச்சை முறையாக ஏற்று, பதிவு பெற்ற மருத்துவர்களும் முறையாகப் பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாகவும் அங்கீகரித்தது. ஆகவே "இது நமக்கு அனுமதி உண்டா" என்று என்னிடம் போனில் கேட்கும் நண்பர்களுக்குப் பதில் அந்த 2003 உத்தரவிலேயே இருக்கிறது.

சரி, வேலை செய்கிறதா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டே ஆகவேண்டும். கேட்காவிட்டால்தான் எனக்கு வருத்தம்.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. முறைப்படி அக்குபங்சர் சொல்லும் புள்ளியில் ஊசி போட்டவர்களில் ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் 47.6 சதவீதம். புள்ளியில்லாத இடத்தில், மேலோட்டமாக, போலியாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 27.4 சதவீதம். இந்த மூன்று எண்களை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு எண்களுக்கும் வித்தியாசமே இல்லையே என்பீர்கள். ஆமாம், அந்த ஆய்வில் இல்லை. அப்புறம் 2012-ல் 29 ஆய்வுகளின் நோயாளிகள் 17,922 பேரின் தகவலை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசம் இருந்தது; ஆனால் சின்ன வித்தியாசம். வலி நூற்றுக்கு அறுபதில் தொடங்கினால், ஊசி போட்டவருக்கு முப்பதுக்கு இறங்குகிறது, போலி ஊசிக்கு முப்பத்தைந்து, ஒன்றும் போடாதவருக்கு நாற்பத்து மூன்று என்று அவர்களே உதாரணம் சொன்னார்கள். 2018-ல் இன்னும் பத்து ஆய்வுகளைச் சேர்த்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு வருஷம் கழித்தும் கிடைத்த பலனில் 15 சதவீதம் அளவுக்கே குறைந்திருந்தது.

இதை நான் படிக்கும் விதம் இது. புள்ளி எந்த அளவு முக்கியம் என்று இன்னும் தீரவில்லை. சக்தி ஓட்டம், நாளம் என்று அக்குபங்சரில் பழங்காலமாகச் சொல்லும் விளக்கங்களை நான் நம்பவில்லை. நோயாளியிடம் சொல்வதும் இல்லை. ஊசி குத்தும்போது நரம்பு தூண்டப்பட்டு உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின், குத்திய இடத்தில் சேரும் அடினோசின், நம்பிக்கை, தொடுதல், இருபது நிமிஷம் படுத்திருக்கும் ஓய்வு எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். நானும் நீங்களும் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பது அந்த 27.4-ஐத்தான். கிரியாட்டினின் ஏறாத ஒரு வழியில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது, "காரணம் முழுசாகத் தெரியாது" என்று சொல்லி அதை அந்த அம்மாவுக்கு மறுக்க என்னால் முடியவில்லை.

பெரிய நாடுகளே இதில் தடுமாறியிருக்கின்றன என்பதையும் மறைக்க மாட்டேன். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009-ல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது, 2016-ல் எடுத்துவிட்டது, 2021-ல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம் என்றது, 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்றது. ஒற்றைத்தலைவலி, இறுக்கத் தலைவலி வராமல் தடுக்கப் பத்து முறை வரை செய்யலாம் என்று 2012-ல் சொன்னது. ஜெர்மனியோ இடுப்புக்கும் முட்டிக்கும் 2007 முதல் காப்பீட்டிலேயே சேர்த்துக்கொண்டது. அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020-ல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு மட்டும் அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் அதே இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலில் இதைச் சேர்த்தது. ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு நியாயமான மனிதர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். அதனால்தான் நானும் இதை நாலு வலிகளோடு நிறுத்திக்கொண்டேன்: கழுத்து-தோள், இடுப்பு, முட்டி, தலைவலி. முட்டிக்குப் பலன் பற்றிச் சண்டை இருக்கிறது என்று நோயாளியிடமே சொல்லிவிடுவேன். சர்க்கரைக்கு, ஆஸ்துமாவுக்கு, குழந்தையின்மைக்கு, பக்கவாதத்துக்கு என்று யாராவது கேட்டு வந்தால் கைகூப்பி அனுப்பிவிடுவேன்.

எப்படிச் செய்கிறேன் என்று ஒரு நாளைச் சொல்கிறேன். வெளியே அறுபது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் இது நடக்குமா என்பதுதான் உங்களில் பலருக்கு முதல் சந்தேகம் என்று எனக்குத் தெரியும்.

பின்னறையில் திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு கட்டில். செவ்வாய், வெள்ளி மதியம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை. முன்கூட்டியே பெயர் எழுதியவர்கள் மட்டும். ஒரு பிற்பகலுக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை. சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். முதல் தடவை வருகிறவரிடம் பத்து நிமிஷம் பேசிப் பரிசோதித்த பிறகுதான் கட்டில். ஒரு தோள்பட்டை என்றால், குப்புறப் படுக்கவைத்து, தசையை விரலால் உருட்டிப் பார்ப்பேன். எங்கே அமுக்கினால் "ஐயோ, அங்கதாம்மா" என்கிறாரோ அங்கே ஸ்பிரிட் துடைத்துக் காயவிடுவேன். கால் மில்லிமீட்டர் கனமுள்ள ஊசி. நாம் தினமும் போடும் இருபத்து மூன்றாம் நம்பர் ஊசியின் கனத்தில் பாதிகூட இல்லை. பிளாஸ்டிக் குழாயோடு வைத்துத் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் தோலுக்குள் போய்விடும். நிறையப் பேருக்குப் போனதே தெரியாது. பிறகு மெதுவாக உள்ளே செலுத்தி லேசாகத் திருகும்போது ஓர் இடத்தில் தசை ஊசியைக் கவ்விப் பிடிக்கும். மீன் தூண்டிலைக் கவ்வுகிற மாதிரி என் விரலுக்கு அது தெரியும். அதே நொடி படுத்திருப்பவர், "மதமதன்னு கீதும்மா, கை வரைக்கும் ஓடுது" என்பார். அதுதான் வேண்டியது. ஆறேழு ஊசி. அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்கு வந்து மூன்று காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு பார்த்துவிட்டுப் போனால் இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

எடுக்கும்போது எண்ணி எடுக்க வேண்டும். போட்டது ஏழு, எடுத்தது ஏழு என்று நர்ஸ் சத்தமாகச் சொல்ல, நோட்டில் எழுதுவோம். இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. முதல் வருஷம் ஒருவருடைய தலைமுடிக்குள் இருந்த ஓர் ஊசியை எடுக்காமல் அனுப்பிவிட்டேன். வீட்டில் தலைவாரும்போது சீப்பில் மாட்டியிருக்கிறது. அவர் கோபப்படாமல் ஊசியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டுவந்து கொடுத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அதற்கும் முன்னால், முதல் மாதமே, நாற்காலியில் உட்காரவைத்து ஊசி போட்ட ஓர் இளைஞன் முகம் வெளுத்து, வேர்த்து, சரிந்துவிட்டான். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யாராக இருந்தாலும் படுக்கவைத்துத்தான்.

ஊசி ஒருவருக்கு ஒருமுறைதான். கழுவி, கொதிக்கவைத்து மறுபடி பயன்படுத்தும் பேச்சே கூடாது. 1984-ல் அமெரிக்காவில் ஒரே அக்குபங்சர் கிளினிக்கிலிருந்து ஹெபடைட்டிஸ் பி பரவியதுண்டு. எடுத்ததும் நேராக, கூரான கழிவுகளுக்கான வெள்ளை ஷார்ப்ஸ் டப்பா. நெஞ்சுக்கூட்டின் மேலே, தோள்பட்டை உச்சியில் கவனம் வேண்டும். பீடி சுற்றும் பெண்கள் மெலிந்தவர்கள். நேராகக் குத்தினால் நுரையீரல் உறை அருகிலேயே இருக்கிறது. தசையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தூக்கிப் பிடித்துக் குறுக்காகத்தான் போடவேண்டும். வேலூரில் இதய வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் ஏராளம், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் ஊசிப் பாக்கெட்டைப் பிரிக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு நான் செய்வதில்லை. உணர்ச்சியற்ற சர்க்கரைப் பாதத்திலும், பழைய தொழுநோய்க் கையிலும் காலிலும் செய்வதில்லை.

தொழுநோயைச் சொன்னதும் டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வருகிறார். 1946-ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். அந்த விரல்கள் நோயால் அழுகி விழவில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்கின்றன என்று நம் ஊரில் வைத்துத்தான் அவர் உலகுக்குக் காட்டினார். வலி ஒரு காவல்காரன். அவனைப் பேசவிடாமல் வாயைப் பொத்துவது ஆபத்து. அதனால்தான் ஊசிப்பெட்டி பொது மருத்துவர் கையில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தெட்டு வயது, லோடு ஏற்றும் வேலை. "இடது தோளு வலிக்குது மேடம், உங்க சீன ஊசி நல்லா கேக்குதாமே" என்றார். தோளை எந்தப் பக்கம் அசைத்தாலும் வலி கூடவில்லை. படியேறினால் கூடுகிறது, நின்றால் குறைகிறது என்றார். ஊசிப்பெட்டியைத் திறக்காமல் இ.சி.ஜி. எடுத்தேன். ஆஸ்பிரினை மெல்லவைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினேன். விரலால் புள்ளியைத் தொடும் இடத்துக்கு அன்று அவர் போயிருந்தால்? இரவில் வலி கூடி, சாயங்காலக் காய்ச்சலோடு எடை இறங்கிவந்த ஒரு பெண்ணின் "இடுப்பு வலி" முதுகெலும்புக் காசநோயாக இருந்தது. இதெல்லாம் நமக்குத்தான் தெரியும். அந்தப் படிப்புக்குப் பிறகு ஊசி பிடிக்கக் கற்பது பெரிய விஷயமில்லை. நான் வாரக் கடைசிகளில் ரயிலேறிப் போய்ப் படித்தேன். உடற்கூறு தெரிந்த கைக்கு அது சீக்கிரம் வரும்.

பலன் எப்படி என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் கேட்பதில்லை. ஆறு தடவைக்குள் ஒன்றும் மாறாவிட்டால் நிறுத்திவிடுகிறேன், காசுக்காக இழுப்பதில்லை. கட்டணம் சாதாரணக் கன்சல்டேஷன்தான், ஊசி விலை மட்டும் கூட. கேட்கிறவர்களுக்கும் வலி முழுசாகப் போய்விடுவதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் விரல்களை இழந்தாரே, அந்த அம்மா திரும்பி வந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. நான் படித்து முடித்ததும் முதலில் கட்டிலில் படுத்தவர்களில் அவரும் ஒருவர். எட்டு தடவை. வலி பாதியானது. பாதி வலியோடு முறத்தை மடியில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது. "செட்டு" மாத்திரை நின்றது. இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். ஒவ்வொரு முறையும் முதலில் இன்சுலின் டப்பாவைக் காட்டுவார், பிறகுதான் தோளைக் காட்டுவார். அந்த வரிசையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்களில் சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நாமே இதைச் செய்தால், தொட்டுக் குணமாக்குகிறேன் என்கிறவர்களுக்கு மரியாதை கூடிவிடாதா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பயந்தேன். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் நோயாளிகள் நம்மிடம் உண்மை பேசுகிறார்கள். எங்கே போனார்கள், யார் என்ன சொன்னார்கள், எந்த மாத்திரையை நிறுத்தினார்கள் எல்லாம் அந்த இருபது நிமிஷத்தில்தான் வெளியே வருகிறது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அங்கே போனதற்காக அவர்களைத் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

நம் சங்கக் கிளைகளிடம் ஒரு வேண்டுகோள். மருந்துக் கம்பெனி ஸ்லைடுகளோடு நடக்கும் மாதக் கூட்டங்களில் ஒன்றை நாள்பட்ட வலிக்கு ஒதுக்குங்கள். அக்குபங்சரை மட்டும் பேச வேண்டாம். "செட்டு" மாத்திரையைப் பற்றியும், பிசியோதெரபிஸ்டுகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்றும் பேசுவோம். இதை எடுத்துச் செய்ய முன்வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நோட்டுப் போடுவோம்: வலி எத்தனையில் தொடங்கியது, எத்தனை ஊசி, ஆறு தடவைக்குப் பிறகு எத்தனை, வலி மாத்திரை குறைந்ததா, மயக்கம், ரத்தக்கட்டு ஏதாவது வந்ததா. கேட்காதவர்களையும் விடாமல் எழுதுவோம். இரண்டு வருஷத்தில் நம் பீடிக் கழுத்துக்கும் ஷூ கம்பெனி இடுப்புக்கும் இது கேட்கிறதா இல்லையா என்று நம் ஜனங்களை வைத்தே நமக்குத் தெரியும். கேட்கவில்லை என்று தெரிந்தால், கட்டில்களை மடக்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிலிருந்து குடியாத்தம் வரும் சாலையில் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நோயாளி வரமாட்டார் என்றால் நாம் போகவேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. என் கிளினிக் இருப்பதும் அந்தச் சாலையை ஒட்டித்தான். தினமும் அதில் போகும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் பின்னறை திறந்திருக்கும். எந்த வாரம் வேண்டுமானாலும் வாருங்கள். நோட்டுகளை எடுத்து வைக்கிறேன், கேட்காதவர்களின் பக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகத்தோடு வருகிறவர் என்றால் இன்னும் சந்தோஷம். சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு கட்டிலில் படுத்து, முதல் ஊசியை உங்கள் கையிலேயே வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
குடியாத்தம் வட்டம்